உறைந்த துளிக்குள் அத்தான்

ஆய்வகத்தில் அவளுக்குப் பனிக்காரி என்று பெயர். இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைத் திசுவிலிருந்து பிரித்த புரதத்தை, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வலைத்தகட்டில் துளியாக விட்டு, கண்மூடித் திறப்பதற்குள் உறைய வைப்பது அவள் வேலை. அதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஏற்றும்போது மூச்சு விடக்கூடாது. மூச்சின் ஈரம் பட்டால் தகடெல்லாம் பனித்துகளாகிவிடும். புரதம் அடியில் மறைந்துபோகும்.

போன வருடம் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர், மறதி நோயில் போய்ச் சேர்ந்தார். மூளையைக் கொடுக்கும்படி அக்காவிடம் பேசியவள் இவள்தான். சொந்தக்காரர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். இருந்தும் அக்கா கொடுத்தாள்; கொடுத்த கையோடு கேட்டாள்:

"எதிர்வீட்டு நாய் பேரு கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்துச்சுடி. என்னைத்தான் 'யாரும்மா நீங்க'ன்னாரு. வியாதியா, வேணும்னே பண்ணாரா? பார்த்துச் சொல்லு."

திசுக்களுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. அதனால் ஒவ்வொரு துளியையும் அத்தானாகவே நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் ஒருநாள் பெருமூச்சு விட்டு ஒரு தகட்டைக் கெடுத்தாள். அந்தத் திசுவில் மிச்சம் ஒரே தகடு.

திரவ நைட்ரஜனின் புகை மேசையிலிருந்து மேகம்போல் வழிந்தது. அதற்குள் அத்தான் செருப்பைத் தேடிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. 'கால்லதான் போட்டிருக்கீங்க அத்தான்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். தகடு பத்திரமாக உள்ளே போயிற்று.

ஆயிரக்கணக்கான மங்கிய படங்களைக் கணினி ஒன்றுசேர்த்தபோது அந்தப் புரதம் திரண்ட இழையின் குறுக்குவெட்டு தெளிந்தது. ஒன்றோடொன்று சாய்ந்துகொண்ட இரண்டு வளைவுகள். ஆய்வகத் தலைவரிடம் அனுமதி கேட்டு, படத்தை அக்காவிடம் கொண்டுபோனாள்.

"இது அவரோடதா?"

"தெரியாதுக்கா. ஆனா இந்த வியாதிக்காரங்க எல்லாருக்கும் மூளைப் புரதத்துல இதே மடிப்புத்தான். அத்தானுக்கும் இதே வியாதின்னு டாக்டருங்க பார்த்துச் சொல்லிட்டாங்களே. நடிச்சா இப்படி மடியாது."

"நாயை மட்டும் எப்படி மறக்கலை?"

"அது இதுல தெரியாது."

அக்கா படத்தை விரலால் தடவினாள். "நடிக்கிறாருன்னு தினம் திட்டினேன்டி. காதுல விழுந்திருக்குமா?"

"விழுந்தாலும் மறந்திருப்பாருக்கா."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தங்கை ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.