போர்வைக் கடையில் ஒரு சர்வர்

எங்கள் அலுவலகம் மராத்தி பேசும் கசார்வாடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களின் போன் எல்லாம் என் மேஜைக்கே வரும். என்னுடையது பக்கத்துச் சாங்வியில் வளர்ந்த தமிழ். வீட்டில் சோறு கேட்கவும் சண்டை போடவும் போதும்; கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசத்தான் திணறும்.

ஈரோட்டுப் பக்கம் போர்வைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். கடையில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் இன்னொன்று. இரண்டிலும் ஒரே இருப்பு தெரிய, கடைக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வர் ஓட வேண்டும். நாங்கள் கொடுத்துவந்த சர்வர் பெரியது, பேர்போனது. நிறுவும்போது பாஸ்வேர்ட் கேட்கும், போர்ட் கேட்கும், இன்னும் என்னென்னவோ கேட்கும். இங்கிருந்தே அவர் திரையைப் பிடித்து நான் செய்து கொடுக்கப் பார்த்தால், அவர் கடை நெட் பாதியில் அறுந்துவிடும். மறுபடி முயன்றபோதும் அறுந்தது.

"இந்தவாட்டியும் ஓடலீன்னா நான் பழையபடி பில் புக்குலயே எழுதிக்கறேன் கண்ணு. கோவிச்சுக்காத," என்றார்.

அந்த வார இறுதி முழுக்க என் லேப்டாப்பில் வேறு வேறு சர்வர்களைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். கடைசியில் ஒன்று மாட்டியது. சின்னது, ஒரு கேள்வியும் கேட்காதது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டினால் தானாக உட்கார்ந்துகொள்ளும். நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினேன்.

அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் எங்கள் டீம் லீடுக்குப் பிடிக்கவில்லை. "அரே, இது பொம்மை," என்றார் இந்தியில்.

"பொம்மைதான் தாதா. போர்வைக் கடைக்கு எதுக்கு யானை?"

"சரி, நீ ஸ்க்ரீனைத் தொடாம, போன்லயே சொல்லி அவங்க கையால போட வை. ஆச்சுன்னா இனிமே எல்லாருக்கும் இதுதான். ஆகலேன்னா இந்தப் பேச்சே கூடாது."

சர்வரை நிறுவும் ஃபைலையும், அது தானே எடுத்துக்கொள்ள அக்காவின் இருப்புப் பட்டியலையும் முந்தின நாளே அனுப்பிவிட்டேன். குடோன் கம்ப்யூட்டர் ஏற்கெனவே தயார். சர்வர் ஓடினால் தானே சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஸ்பீக்கரில் போன். தாதா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்த ஐகானை இருமுறை சொடுக்குங்கள்," என்றேன். அகராதியில் பார்த்து வைத்திருந்த சொல்.

"நியூஸ் வாசிக்கற மாதிரியே பேசற போ. ரெண்டு தட்டு தட்டச் சொல்லு. தட்டிட்டேன். இரு கண்ணு, ஆளு வந்துட்டாங்க."

அவர் போன் கடை மேஜையில் படுத்துவிட்டது. கீழே லேத் இரைச்சல், மேலே ஸ்பீக்கரில் வியாபாரம். "ரெட்டைப் போர்வைங்களா? தொட்டுப் பாருங்க. சாயம் போச்சுன்னா கொண்டாந்து என்ற மூஞ்சில போடுங்க."

"என்ன ஆச்சு, எரரா?" என்றார் தாதா.

"இல்லை தாதா, பேரம்."

நெட்டும் இல்லை, திரையும் இல்லை, இப்போது ஆளும் இல்லை. போச்சு என்றே நினைத்தேன்.

"கண்ணு, இருக்கியா? அது பாட்டுக்கு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு கேட்டுட்டே இருந்துச்சு. நானும் பேசிட்டே தட்டி உட்டேன். இப்ப ஃபினிஷ்னு நிக்குது. அமுக்கறதா?"

"அமுக்குங்க அக்கா. அப்படியே பில் ப்ரோக்ராமைத் திறங்க."

"தொறந்துருச்சு. போனவாட்டி செவப்புல ஒண்ணு திட்டுமே, அதக் காணோம். இவிங்களுக்கு இதுலயே பில் போட்டுப் பாக்கட்டுமா?"

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அதற்குப் பின்னால் தூரத்தில் ஓர் ஆண் குரல். அக்கா சிரித்தார்.

"குடோன்ல எங்கூட்டுக்காரரு சத்தம் போடறாரு. கம்ப்யூட்டர்ல ரெட்டைப் போர்வை ஒண்ணு கொறைஞ்சுருச்சாம். யாரு எடுத்ததுன்னு கேக்கறாரு."

தாதாவுக்கு இந்தியில் சொன்னேன். கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். "சல், ஆகட்டும். அந்த சர்வர் ஃபைலை எல்லாருக்கும் அனுப்பு," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் போயிருந்தது.