குடல் அசையாமல் இருக்க ஓர் ஊசி

வாய்வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது மயக்க மருந்து வேண்டுமானால், துணைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். கேளம்பாக்கத்தில் நான் போன ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சட்டம். "அட்டெண்டர் யாருமா?" என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாவலூர் ஃப்ளாட்டில் நான் ஒருத்திதான் என்று ஒரு தடவை சொன்னால் போதாதா? எரிச்சலாக வந்தது. மயக்கமே வேண்டாம், அப்படியே குழாயை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவரைக் கொண்டுபோனது இரைப்பைப் புற்றுநோய். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டவுடன் எரிச்சல், பிறகு உடம்பு இளைப்பு. இரண்டும் எனக்கு வந்திருந்தன. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் மூச்சு விடவில்லை. அவன் அங்கே தூங்காமல் கிடப்பான். வரவும் முடியாது. என்னத்துக்கு?

தொண்டை மரத்துப்போக மருந்தடித்துக் குழாயை விட்டார்கள். குமட்டலும் கண்ணீருமாக, எதிரே திரையில் என் வயிற்றை நானே பார்த்தேன். சனியன், ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. சுருங்கியது, விரிந்தது. ஒரு மடிப்புக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்து மறைந்தது. டாக்டரும் அதைப் பார்த்துவிட்டார்.

"நிக்க மாட்டேங்குது. ஊசி போடுங்க" என்றார்.

"பயப்படாதமா, மயக்கம் இல்ல இது. குடலு ஆடாம இருக்கத்தான்" என்றாள் நர்ஸ். "கொஞ்ச நேரம் நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்ணு மங்கலா இருக்கும்."

வயிறு அடங்கிப்போனது. நெஞ்சுதான் கிடந்து அடித்துக்கொண்டது. மருந்தாலா பயத்தாலா, யார் கண்டது. டாக்டர் அந்த மடிப்பை நிதானமாகப் பார்த்தார். நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. மகராசி.

"சின்னப் புண்ணுதாம்மா. கட்டி கிட்டி ஒண்ணுமில்ல. மாத்திரையிலயே ஆறிடும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. மகனைக் கூப்பிட்டு, எனக்கு ஒன்றுமில்லையடா என்று சொல்லத் துடித்தேன். பயந்த கதையைச் சொல்லாமல் இதை மட்டும் எப்படிச் சொல்வது? போனைப் பைக்குள் போட்டேன்.

பார்வை இன்னும் தெளியவில்லை. பஸ் போர்டைப் படிக்க முடியாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் கூடையோடு ஒரு மீன்காரம்மா. முன்பின் தெரியாத அவளிடம், புற்றோ என்று பயந்ததையும் வெறும் புண்தான் என்று டாக்டர் சொன்னதையும் கொட்டினேன்.

"அப்பாடா, நல்லதாப் போச்சு யக்கா" என்று கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். "வூட்ல பயந்துகினு இருப்பாங்க. போன் போட்டுச் சொல்லிட்டியா?"

"போய்ச் சொல்லிக்கிறேன்" என்றேன்.