கரையும் வரைக்கும்

மானிப்பாயில் கணினி திருத்தும் அந்தப் பெண்மணியின் கன்னத்தில் எப்போதும் ஒரு பனங்கட்டித் துண்டு புடைத்திருக்கும்.

மறைந்த என் மனைவியின் குரல்பதிவு இருந்த பழைய கணினி எழும்பவே இல்லை. பெண்மணி தன் பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து இயக்கினார். திரை கறுப்பாகவே கிடக்க, நான் பொறுமையிழந்து சுவிட்சை அணைத்தேன்.

"பழைய மெசின் ஐயா, ஆறுதலாத்தான் வாசிக்கும். இந்தாங்கோ பனங்கட்டி, இது வாயிலை கரையுமட்டும் கை வைக்கப்படாது. கடிக்கவும் கூடாது!"

அவர் மறுபடியும் சுவிட்சைப் போட்டார். பனங்கட்டி பாதி கரைந்தபோது பென் டிரைவின் விளக்கு மினுங்கியது. திரையில் எழுத்துகள் ஓடின. "வந்திட்டுது!" என்று இருவரும் கத்தினோம். அவர் பதிவைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, நான் சொல்ல வந்தது..." என்றாள் மனைவி.

"கெதியாச் சொல்லும்!" என்று ஓர் ஆண்குரல் அவசரமாக வெட்டியது.

"ஆர் ஐயா உது, அவவைக் கதைக்க விடாமல்?"

"நான்தான் பிள்ளை."

அவர் இன்னொரு பனங்கட்டித் துண்டை என் கையில் வைத்தார்.