கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மைக் போட்டவன்

மைக்செட் தொழில்ல ஒரே சட்டம்தான்: யார் பேசினாலும் எல்லாருக்கும் கேக்கணும், நீ மட்டும் பேசக்கூடாது. பந்தல் போடறவங்க, போட்டோ எடுக்கறவங்க, பந்தி பரிமாறறவங்கன்னு அடுத்தவன் வூட்டு விசேஷத்துல வாயை மூடிக்கினு நிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கள்ளக்குறிச்சியில கடை வச்சி இருபது வருஷமா நானும் அப்படித்தான் நின்னேன். அப்புறம் கல்வராயன் மலையில இரும்புக்கல் வெட்டறேன்னு ஒரு கம்பெனி வந்துச்சி. வசமா மாட்டிக்கினேன்.

குழாய் வேணாம்

கம்பெனி ஆளு ஒருத்தர் கடைக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தேன் ஒழுகற பேச்சு. மலையடிவாரத்துக் கல்யாண மண்டபத்துல அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துது, சுரங்கம் வேணுமா வேணாமான்னு ஜனங்க வந்து சொல்லலாம், மைக்செட் ஏற்பாடு மட்டும் கம்பெனியோடதுன்னார். ரெண்டு பாக்ஸ், நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினா ரோடு வரைக்கும் கேக்கும்னேன். குழாயே வேணாம்னுட்டார். மலையிலருந்து இறங்கற ஜனத்துல பாதிப் பேருக்கு மண்டபத்துல எடம் இருக்காதே, வெளியதான நிப்பாங்கன்னேன். அவர் சிரிச்சிக்கினே சொன்னார்: "வெளிய நிக்கிறவனுக்கு இன்னாத்துக்கு பாய் சத்தம்?"

சாவியைப் புடுங்கின கதை

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி மலை ஊர்க்காரங்களும் தனியா ஒரு கூட்டம் போட்டாங்க. அவங்க திருவிழாவுக்கெல்லாம் நான்தான் வழக்கமா மைக் போடறவன், அதனால என்னைத்தான் கூப்ட்டாங்க. மலைப்பாதையோட கடைசி வளைவுல அஞ்சாறு ஆம்பளைங்க வண்டியை மறிச்சி, சாவியைப் புடுங்கிக்கினாங்க. "கம்பெனிக்கும் நீதான் மைக்காமே?" இல்லன்னு சொல்ல முடியல. நல்லவேளை, சின்னையன் வந்தார். அவர் பொண்ணு கல்யாணத்துக்குப் பாட்டு போட்டவன் நான். சாவியை வாங்கிக் குடுத்துட்டு, தன்னோட சாமைக் கொல்லையைக் காட்டினார். கம்பெனி அளந்து நட்டு சுண்ணாம்பு அடிச்ச எல்லைக்கல்லு நடுவுல நின்னுது. பக்கத்துலயே ஊத்து. கீழ நாலு ஊருக்கு அதுதான் குடிதண்ணி. அங்க தோண்டினா ஊத்தும் இல்ல, கொல்லையும் இல்ல.

மேல போனா என் ஜெனரேட்டர் மானத்தை வாங்கிடுச்சி, எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆவல. சின்னையன் சம்சாரம் பொன்னம்மா பாறை மேல ஏறி, வாய்கிட்ட ரெண்டு கையையும் குவிச்சி எதிர் மலையைப் பாத்து ஒரு குரல் குடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல அங்கருந்து ஜனம் வந்து எறங்குது. நான் அசடு வழிஞ்சிக்கினு நின்னேன். பொன்னம்மா சிரிச்சாங்க: "எங்களுக்கு மைக்கு எதுக்கு பாய்? ஆபீசருங்களுக்குத்தான் காது கேக்கல."

ஒரு விரல்

கூட்ட நாள். மேடையில அதிகாரிங்க, கேட்ல போலீஸ், கேட்டுக்கு அந்தப் பக்கம் மலை ஜனம். என் ஆம்ப்ளிஃபயர் பொட்டியிலருந்துதான் வீடியோ கேமராவுக்கு ஒயர் போவுது. அதுல ஏறின பேச்சுதான் அரசாங்கத்துக்குப் போற பதிவு. கம்பெனி ஆளு என் பக்கத்துலயே நாற்காலி போட்டுக்கினார். வேலை கெடைக்கும், ரோடு வரும்னு பேசினவங்க முடிக்கற வரைக்கும் சும்மாதான் இருந்தார். சின்னையன் வாயைத் தொறந்ததும் விரலைக் கீழ காட்டினார்.

என் கை சத்தக் குமிழைத் திருகிடுச்சி. வெக்கத்தை வுட்டு சொல்றேன், யோசிக்கக்கூட இல்ல. கல்யாண வூட்ல யார் விரலைக் காட்டினாலும் சத்தத்தைக் கம்மி பண்ணிப் பழகின கை. சின்னையன் குடுத்த நேரம் பூரா ஊத்தைப் பத்திப் பேசினார், முன்வரிசைக்கே கேக்கல. நேரம் முடிஞ்சிதுன்னு உக்கார வச்சிட்டாங்க. அடுத்தது பொன்னம்மா. மைக்கைத் தட்டிப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. மொகத்துல துளி சந்தேகம் இல்ல. "ஒயரு லூஸா பூடுச்சா பாய்? நிதானமா பாரு, நான் நிக்கிறேன்."

முழுசா

அந்த வார்த்தை என்னை அறுத்துடுச்சி. குமிழை முழுசா ஏத்தினேன். கம்பெனி ஆளு என் மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சார், நான் கையை எடுக்கல. "கல்லை எடுத்துக்கினு ஊத்தை வச்சிட்டுப் போவ முடியுமா உங்களால?"ன்னு பொன்னம்மா கேட்டது ரோடு வரைக்கும் கேட்டுச்சி. கேட்டாண்ட கூச்சல் அடங்கிப்போச்சி. கம்பெனி ஆளு என் காதோட சொன்னார்: "இத்தோட உனக்கு எங்க வேலை கெடையாது பாய்."

பொட்டிகிட்ட யாரு

ரெண்டு வாரம் கழிச்சி சின்னையன் கடைக்கு வந்து, கூட்டத்து வீடியோவைப் போன்ல போட்டுக் காட்டினார். பொன்னம்மா பேச்சு கணீர்னு இருக்கு. அவரோடதுல வாய் மட்டும் அசையுது. மிஷின் கோளாறுன்னு ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. "நான்தான் கம்மி பண்ணேன்"னு சொல்லிட்டேன்.

அவர் உக்காந்து, வீடியோவை மறுபடியும் ஓட்டி, தன் வாய் அசையறதைக் கடைசி வரைக்கும் பாத்தார். சுரங்கம் வருமா வராதான்னு இன்னும் முடிவாவல, ஊர்ல மறுபடியும் கூட்டம் போட்டு எல்லாரும் பேசி எழுதி அனுப்பப் போறாங்க. எழுந்திரிச்சி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "மைக் போட நீயே வா பாய். ஆனா பொட்டிகிட்ட பொன்னம்மாதான் உக்காருவா."

இப்பல்லாம் மலையில எனக்கு குழாய் கட்ட மரம் ஏறறது, ஒயர் கட்டறது, அப்புறம் பொன்னம்மா திருகறதைப் பாத்துக்கினு கையைக் கட்டி உக்கார்றது, அவ்வளவுதான் வேலை.