மச்சான் செய்த கணினிப் பெட்டி

பலகையில் செய்த பெட்டி அது. அலுமாரிக் கதவு மாதிரிக் கையாலேயே திறக்கலாம். உள்ளே ஒவ்வொரு வயரின் முனையிலும் அது மாட்டும் இடத்திலும் ஒரே நிறத்தில் மருதமுனைத் தறி நூல் கட்டியிருக்கும். சிவப்பைச் சிவப்பிலும் பச்சையைப் பச்சையிலும் மாட்டினால் சரி. கடற்காற்றில் உப்புப் படிந்தால், பாகத்தைக் கழற்றிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பரால் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டியதுதான். செய்தவர் என் மச்சான், மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன்.

சுனாமி ராத்தாவையும் பிள்ளையையும் கொண்டுபோன பிறகு, சாய்ந்தமருதில் கட்டிக்கொடுத்த வீடொன்றில் மச்சான் தனியே இருந்து கணினி திருத்தினார். யுத்தம் முடியாத காலம். கோமாரியில் டியூஷன் நடத்திய டீச்சரம்மா தன் கணினியைத் திருத்த பஸ்ஸில் சுமந்து வருவார். சோதனைச் சாவடி தோறும் கழற்றிக் காட்ட வேண்டும். அதற்கு ஸ்க்ரூட்ரைவர் கொண்டுவந்தால் அதற்கும் விசாரணை. "இனிக் கொண்டுவர ஏலா தம்பி, கெட்டாக் கெட்டபடி கிடக்கட்டும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் மச்சானை உட்காரவிடவில்லை. அவரவர் வீட்டிலேயே திருத்துகிற பெட்டியைச் செய்து எல்லாருக்கும் கொடுத்தார்.

யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது. ஆனால் மச்சானிடம் வர ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. ரோட்டில் கண்டவர்கள் சலாம் சொல்லி, "உங்கட பெட்டி கெடுகுதில்லயே காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவரும் சிரிப்பார். வீட்டில் வாடிக்கைக்காரர் உட்காரப் போட்ட கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, என் பெட்டியின் நீல வயரை உருவிவிட்டு அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார். வயரைத் தொடவில்லை. வேறு பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூசி தட்டினார். தட்டிக்கொண்டே ராத்தாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கறிக்கு உப்புக் கூடினால் அவர் வாய் திறக்குமுன் ராத்தா முந்திக்கொண்டு சண்டைக்கு வருவாவாம். சுனாமிக்குப் பிறகு ராத்தாவின் பேச்சை அவர் எடுத்தது அன்றைக்குத்தான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது.

"களட்டினது நீதானெண்டு எனக்குத் தெரியும்" என்றார் மச்சான். நீல வயரை மாட்டாமலே அவர் பெட்டியை மூடினார். "இதுக்குள்ள இன்னொரு பிழையும் இருக்கும் போல. நாளைக்கும் வந்து பாரன்."

போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

இப்போது மச்சானும் இல்லை. பெட்டி எப்போதாவது நின்றுபோனால் நானே திறந்து நானே திருத்திவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது.