மாலை போட்ட பிறகும் மாத்திரை

போன தசராவுக்கு மாலை போட்ட அன்றே என் வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள் இதை இத்தோடு மூடிவைக்கலாம். அவர்களுக்காக நான் எழுதவில்லை. முத்தாரம்மனை நம்புகிறவர்களுக்காக, என் வீட்டுக்காரர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறவர். மாத்திரை ஆரம்பித்து உடம்பு தேறியதும், அந்த நன்றிக்காகத் தசராவுக்குக் குறவன் வேடம் போட்டுக் காணிக்கை பிரித்துச் செலுத்துவதாக அம்மனுக்கு நேர்ந்தார். காரியத்தைக் கெடுத்தவர் எங்கள் தசரா செட்டின், அதாவது சேர்ந்து விரதமிருந்து வேடம் கட்டும் கூட்டத்தின், தலைவர். விரதத்தில் பகலில் ஒரு நேரச் சாப்பாடு மட்டும், தரையில் படுக்கை, எல்லாம் சரி. தலைவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

“மாலை போட்டவனுக்கு அம்மன்தாம்லே மருந்து. மாத்திரை தின்னா விரதம் தீட்டுப்பட்டுப் போவும்.”

என்ன மாத்திரை, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பெரிய மனுஷத்தனம் குறைந்துவிடுமே.

ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை பார்க்கும் நம்பிக்கை மையத்துக் கவுன்சிலர் அம்மா சொன்னபடி மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து வைத்திருந்தோம். தினம் தவறாத ஒரு காரியத்தோடு சேர்த்தால் மறக்காது. ஞாபகப்படுத்தும் ஆள் நான். விரதத்தில் ராத்திரிச் சாப்பாடு நின்றது, மாத்திரையும் நின்றது. நான் எடுத்துக் கொடுத்தாலும் “சாமி குத்தம் ஆயிரும்ளா” என்று ஒதுங்கினார்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆள் நடுங்கினார். “அம்மன் இறங்குதா” என்று செட்டுக்காரர்கள் தங்கும் குடிலில் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தன் போனில் படம் பிடித்தான். பக்தியாம்!

எனக்கோ வாய் கிடையாது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தாலும் சத்தம் கொடுக்கமாட்டேன், அடுத்ததில் இறங்கி நடப்பேன். அம்மன் முன்னால் நின்று அழுதேன். “தாயே, அவரைக் காப்பாத்து. என்னால பேச முடியாது. நீ பேசு.”

மறுநாள் மத்தியானம் குடிலுக்குப் போனேன். எல்லாரும் இலை முன்னால் இருந்தார்கள். தலைவர் மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார்.

“அண்ணாச்சி, அது என்னது?” என்றேன்.

“சுகர் மாத்திரைளா. சாப்பாட்டுக்கு முன்ன போடணும்லா.”

“தீட்டு ஒட்டாதோ? உங்க மாலை மட்டும் பிளாஸ்டிக்கா?”

“ஏளா, எனக்கு டாக்டர் சொல்லியிருக்காரு!”

“இவருக்கு மட்டும் பஸ் கண்டக்டரா சொன்னாரு?”

குரங்கு வேடத்துக்காரர் சோற்றோடு புரையேறிச் சிரித்தார். தலைவர் இலையையே பார்த்தார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார், அந்தக் காய்ச்சலிலும். எழுந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தக் குரல் என்னுடையது இல்லை. அம்மனிடம் கேட்டேன், கொடுத்தாள்.

கவுன்சிலர் அம்மா திட்டவில்லை, மாலையைக் கழற்றவும் சொல்லவில்லை. “சாயங்காலப் பூசை தவறாதுல்லா? அதோட சேத்து வச்சிருங்க” என்றார். டாக்டர் ரத்தம் பார்த்து, காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்து, பழைய மாத்திரையை மறுபடி தொடங்கினார். வேடம் கட்டி, காணிக்கை செலுத்தி, நேர்ச்சையை முடித்தோம். பல மாதம் கழித்து எடுத்த சோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தது. எனக்குத் தொற்று இல்லை. மையத்தில் சொல்லும்போதெல்லாம் நானும் போய்ச் சோதித்துக்கொள்கிறேன்.

சோதனைக்குப் பயந்து சன்னதியில் மட்டும் அழுகிறவர்களே, அம்மன் கேட்டுவிட்டாள். நம்பிக்கை மையம் வரை நடக்கிற வேலை உங்களுடையது. தூக்கிக்கொண்டு போய் விடுவதற்கு அவள் ஆட்டோ ஓட்டவில்லை. பூசைக்கும் போங்கள், மாத்திரையும் போடுங்கள்.

இந்த வருஷமும் அவர் மாலை போட்டிருக்கிறார். சாயங்காலத் தீபாராதனை முடிந்ததும் நான் செம்பில் தண்ணீரோடு குடிலுக்குள் போகிறேன். நடுவில் நின்று, எல்லாரும் பார்க்கத்தான் மாத்திரையைக் கொடுக்கிறேன்.