அம்மருட்டில் பக்கோமியுஸின் சீடர்

"குற்றச்சாட்டு: 2007 மே 9, புதன்கிழமை, மாலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை நிலவறையைக் கூட்டிக் கழுவிய ஒருவரை, 'டுக்னாட்டுக்கு வராதோர்' பட்டியலிற் சேர்த்து வாசற்பலகையில் ஒட்டியமை."

எழுதி முடித்ததும் அருட்செல்வம் 'ஒட்டியமை' என்பதன் கீழ் அடிமட்டம் வைத்துக் கோடிழுக்கிறார். கடிதம் தமிழில் உருவாகி, பின்பு அகராதியின் துணையோடு நோர்வேஜியத்துக்குப் போகும். மூன்று பிரதிகள் அவருடைய கடிதக் கோவைக்குள் ஏறும்.

ஊர்காவற்றுறையில் பிறந்தவர், நோர்வேயில் அம்மருட் மாடிக்குடியிருப்பில் பதினாறு வருடம். வேலை, முதியோர் இல்லச் சமையலறையில். மிச்ச நேரமெல்லாம் புனித பக்கோமியுஸோடு. நான்காம் நூற்றாண்டு எகிப்தில், ஆளுக்கொரு மூலையில் தனித்துத் தவமிருந்த துறவிகளை ஒரே மதிலுக்குள் கூட்டிவந்து, ஒருவருக்குப் பாய்முடைதல், ஒருவருக்கு அடுப்படி என்று வேலை பிரித்துக் கொடுத்தவர் அவர். குடியிருப்பார் எல்லோரும் சேர்ந்து வருடந்தோறும் வளவைத் துப்புரவாக்கும் டுக்னாட்டைப் பற்றி அருட்செல்வத்துக்கு ஒரு தீர்மானம் உண்டு: "இதைக் கண்டுபிடிச்சது நோர்வேக்காரர் இல்லை, பக்கோமியுஸ்!"

கட்டாயப் படைக்குப் பிடிபட்டு அடைபட்டுக் கிடந்த இளைஞன் பக்கோமியுஸுக்கு, முகமறியாத கிறிஸ்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைச் சொல்லும் இடத்தில் மட்டும் அருட்செல்வத்தின் குரல் இறங்கும். வடக்கு நோர்வேயின் அகதி முகாமில் அவருக்கும் யாரோ ஒரு மீனவர் சூப்பும் கம்பளிக் காலுறையும் கொடுத்துவிட்டுப் போனாராம். "அந்தாளுக்கு நன்றி எழுத விலாசம் இல்லை. அதுதான் ஒரு டுக்னாட்டையும் நான் விடுறேல்லை."

பக்கோமியுஸின் மடங்களில் வேலைநேரத்தில் வீண்பேச்சு இல்லை. புதனும் வெள்ளியும் நோன்பு. அருட்செல்வம் இரண்டையும் அனுசரிப்பவர். ஆகவே நிலவறையில் வாய்திறவாமல் தேய்த்தார்; வேலை முடிந்து முற்றத்தில் இறைச்சிச் சொசேஜ் சுடும் வாசம் எழும்பியதும் பின்படியால் வீட்டுக்கு ஏறிவிட்டார். வருகைப் பட்டியலோ சொசேஜ் சுட்ட இடத்தில்தான் எழுதப்பட்டது. தும்புத்தடியைத் தொடாமல் தின்னமட்டும் வந்த ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள்.

மனைவி எமிலிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்கட பக்கோமியுஸ் எல்லாரையும் ஒண்டா இருத்திச் சாப்பிட வைச்ச மனுசன். நீங்கள் சொசேஜைக் கண்டு ஓடிவாறியள்!"

"புதன்கிழமை அவரும் தொட்டிருக்கமாட்டார்."

கடிதம் எழுதி முடிந்த அன்று பின்னேரமே, விஷயம் கேள்விப்பட்டு, நிர்வாகசபைச் செயலாளர், மேல்மாடிச் சந்திரகுமார், கதவைத் தட்டினார். "அண்ணை, நான்தான் எழுதினனான். உங்களைக் காணேல்லை, வராத ஆக்களிலை சேர்த்திட்டன். பேரை வெட்டிவிடுறன், கோவிக்காதேங்கோ."

"வெட்டினால் காணாது, தம்பி. ஒரு கிழமையாச் சனம் வாசிச்சிட்டுது. லிப்டுக்குள்ள ஒரு மனுசி, 'அடுத்த முறையாவது வருவீங்கள்தானே' எண்டு கேட்டவ."

"அவவுக்கு நான் சொல்லிவிடுறன்."

"வாயாலை வேண்டாம்."

குசினிக்குள்ளிருந்து எமிலி குரல் கொடுத்தார்: "எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ தம்பி. இல்லாட்டி எகிப்திலயிருந்து தொடங்குவார்!"

அருட்செல்வம் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துவிட்டு, கடிதத்தின் கடைசி வரியை வாசித்தார்: "மேற்படி விடயத்துக்கு, அதே வாசற்பலகையில் ஒட்டத்தக்கதாக, எழுத்துமூலம் பதில் தரப்படவேண்டும்." பின்பு பேனையின் மூடியைக் கழற்றி, சந்திரகுமாரின் முன்னால் வைத்தார்.